பவர் மாத்தியாச்சு

சூடாகுதில்லையே தம்பி! எத்தினை மணிக்குப் போட்டனான் தெரியுமோ? மூண்டு மணிக்கு. இப்ப ஆறரை. மூண்டரை மணித்தியாலம் ஒரு நிமிசம் நிப்பாட்டாமல் ஓடுது. நீர் கையை வைச்சுப் பாரும்... இல்லை, வைச்சுப் பாரும் மக்கீன், கடிக்காது. எப்பிடி இருக்கு? பிறிஜ்ஜுக்கால எடுத்த மாதிரி இருக்கெல்லே? இதுக்கோ நான் உம்மைக் கூப்பிட்டு, கொம்பியூட்டருக்குப் புதுப் பவர் பூட்டிவிச்சனான்? வியாழக்கிழமை நீர் பூட்டிப்போட்டுப் போனதில இருந்து எனக்கு நித்திரை இல்லை. பழம் பவர் எண்டா பன்ரெண்டு நிமிசம். பதின்மூண்டாவது நிமிசம் 'டிக்' எண்டு நிண்டிடும். சொல்லி வைச்ச மாதிரி. அதெல்லே சாமான்!

சிரியாதேயும். உலகத்தில எல்லாரும் சூடாகுது எண்டுதான் உங்கட கடைக்கு முறைப்பாடு கொண்டு வருவினம், இந்த மனுசி சூடாகேல்லை எண்டு ஆள்விட்டுக் கூப்பிடுது எண்டு உம்மட முகத்தில எழுதியிருக்கு. நினைச்சுக்கொள்ளும். பாலேஸ் அன்ரிக்கு விசர் எண்டு நினைச்சுக்கொள்ளும். ஆனா இருந்து கேட்டிட்டு நினையும்.

அந்தக் கதிரையில இராதேயும், அதில நேற்று இரத்தினசிங்கம் இருந்து கோவத்தில ஆட்டி ஒரு கால் கழண்டுபோச்சு. இதில இரும். பிளேன்ரீயைக் குடியும், இஞ்சி போட்டிருக்கு. பள்ளியில தொழுதிட்டுத்தானே வாறீர்? அப்ப உமக்கு அவசரம் இல்லை. அவசரம் எனக்குத்தான். ஏழு மணிக்கு என்ர தம்பி கதிர்காமநாதன் வரப்போறான். வாசலால இல்லை, இதுக்குள்ளால. ரொறன்ரோவில அப்ப காலமை எட்டரை. ஞாயிற்றுக்கிழமை முகம் கழுவின கையோட இதுக்கு முன்னால வந்து குந்திடுவான். அதுக்கிடையில நீர் அந்தப் பழம் பவரைத் திருப்பிப் பூட்டித் தாரும். அரை மணித்தியாலம் இருக்கு. நாலு ஆணிதானே? நான் பாத்துக்கொண்டு நிண்டனான், நாலு ஆணிதான்.

என்ன... எறிஞ்சாச்சோ? உள்ளுக்க எல்லாம் உருகிப்போச்சோ? ம்... உருகினது எனக்கும் தெரியும்.

சரி, இப்ப நீர் செய்த வேலையைக் கேளும். நல்லதுதான் செய்தனீர், நான் இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனா நல்லது செய்யிறவை வாயை மூடிக்கொண்டு செய்யவேணும். வியாழக்கிழமை நீர் இதைக் கழட்டிக்கொண்டிருக்கேக்கை நான் எங்க போனனான்? உமக்குப் பற்றிஸ் வாங்கப் போனனான். இறைச்சிப் பற்றிஸ் எந்தக் கடையில வாங்கினா நீர் சாப்பிடுவீர், எதில வாங்கினாச் சாப்பிடமாட்டீர் எண்டு எனக்குத் தெரியாது, அதால மரக்கறிப் பற்றிஸ் தேடி காலி வீதிக்கு அங்கால போனனான். அங்க எனக்கு முன்னால ஒரு மனுசி அறுபது பற்றிஸ் எண்ணி எண்ணி வாங்குது, ஆற்றையோ பிறந்தநாளாம். எண்ணினதைத் திருப்பியும் எண்ணுது! 'தங்கச்சி, பற்றிஸுக்குக் கால் இல்லை, ஓடாது' எண்டனான். அதுக்கு அவ என்னைப் பாத்த பார்வை... அது கிடக்கட்டும். அந்த இருவது நிமிசத்துக்குள்ள கதிர் எடுக்க, கமெராவும் திருப்பிப் பூட்ட முன்னம் இந்தச் சனியன் இஞ்ச அடிச்சிருக்கு. அடிச்சா அடிக்கட்டும் எண்டு விட்டிருக்கலாமெல்லே? 'சவுண்ட் வருதா எண்டு செக் பண்ணினேன் அன்ரி' எண்டீர். நல்லா செக் பண்ணினீர்!

நீர் எனக்குச் சொன்னது ஒரு கதை, கதிர் ரெலிபோனில சொன்னது ஒரு கதை. நான் ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்தனான். சொல்லுக்குச் சொல்லு ஒண்டுதான். அவன், 'ஆர் நீங்கள், அக்கா எங்கை?' எண்டிருக்கிறான். நீர், 'அவங்க கடைக்குப் போயிருக்காங்க, நான் வீட்ல நிக்கிறேன்' எண்டீர். வீட்டில நிக்கிறீராம்! அவன், 'பவர் அலுவல் என்னமாதிரி?' எண்டான். நீர், 'பவர் மாத்தியாச்சு' எண்டீர். 'அக்கா ஓம் எண்டவவோ?' 'அவங்க சொல்லித்தானே மாத்தினது.' 'ஆற்ற பேரில?' அதுக்கு நீர் என்ன சொன்னீர்? சொல்லும், உம்மட வாயால சொல்லும். 'என்ட பேர்லதான் எழுதியிருக்கு. மக்கீன். ஒரு வருசத்துக்கு என்ன நடந்தாலும் நான் பொறுப்பு.'

பில்லைத்தான் சொன்னனீர், கேரண்டியைத்தான் சொன்னனீர். எனக்குத் தெரியாதோ? ஆனா அங்க கேட்டுக்கொண்டிருக்கிறவனுக்கு என்னெண்டு தெரியும்? உங்கட கடையில பவர் எண்டா, இந்தப் பெட்டிக்கை கறண்டை வாங்கிக் குடுக்கிற சாமான். எங்கட சனத்துக்குப் பவர் எண்டா பவர் ஒவ் அற்றோணி. என்ர வீட்டை எனக்குப் பதிலா நீ வில்லு, நீ கையெழுத்து வை எண்டு இன்னொருத்தருக்கு எழுதிக் குடுக்கிறது. வெள்ளவத்தையில எந்த அலுமாரியைத் திறந்தாலும் சீலைக்குக் கீழ ஒரு பவர் கிடக்கும். லண்டனில இருக்கிறவை இஞ்ச இருக்கிறவைக்கு, இஞ்ச இருக்கிறவை யாழ்ப்பாணத்தில இருக்கிறவைக்கு... பவர் அனுப்பு, பவர் குடு, பவரைத் திருப்பி எடு! இந்த ஒழுங்கையில முழு நாளும் ரெலிபோனில கேக்கிற கதை அதுதான். அவன் மூண்டு மாசமா என்னட்டைக் கேக்கிறது அந்தப் பவர். நீர் மாத்தினது இந்தப் பவர்.

இப்ப விளங்குதோ? என்ர தம்பி என்ன நினைச்சுக்கொண்டிருக்கிறான் எண்டா, அக்கா இந்த பிளட் வீட்டை மக்கீன் எண்டு ஒருத்தருக்கு எழுதிக் குடுத்திட்டா. மக்கீன் வீட்டோட நிக்கிறார். ஒரு வருசத்துக்கு அவர்தான் பொறுப்பு!

தலையில கை வையாதேயும், இன்னும் இருக்கு. வெள்ளிக்கிழமை விடியக்காலமை ரெலிபோன். கதிரின்ர மனுசி. 'மச்சாள், இந்த வயசில உங்களுக்கு ஏன் இந்தக் கரைச்சல்?' எண்டு அழுகிறா. எனக்கு அறுபத்துநாலு. உமக்கு முப்பத்தஞ்சு இருக்குமோ? அவ எந்தக் கரைச்சலைச் சொன்னவ எண்டு நான் திருப்பிக் கேக்கேல்லை. கேட்டா அவ சொல்லிப்போடுவா. பிறகு சனிக்கிழமை இரத்தினசிங்கம், எங்களுக்குச் சித்தப்பா முறையான ஒருத்தரின்ர மகன், வத்தளையில இருந்து குடையோட வந்து நிக்கிறார். செருப்பைக் கழட்ட முன்னம் கேள்வி. 'எனக்குத் தாற பவரை மக்கீனுக்கோ குடுத்தனீர்?' எண்டு. குளியலறைக் கதவைத் திறந்து பாத்தவர், மக்கீன்! உம்மைத் தேடி! உள்ள என்ர துவாயும் சவர்க்காரமும்தான் நிண்டது.

இது கொம்பியூட்டர்ப் பவர் எண்டு ஏன் சொல்லேல்லை எண்டுதானே கேக்கிறீர்? சொன்னனான். வெள்ளிக்கிழமையே சொன்னனான். கதிர் மெதுவாக் கேட்டான், 'அக்கா, மூண்டு மாசமா பவர்ல பிரச்சினை, பவர்ல பிரச்சினை எண்டு சொன்னனியே, அது எந்தப் பவர்?' எண்டு. லைன் கிளியர் இல்லை எண்டு வைச்சிட்டன். இண்டைக்கு ஏழு மணிக்கு அவன் கேக்கப்போறதும் அதுதான்.

ம்... அதைச் சொல்லத்தான் வேணும். நீர் பொறுமையான மனுசன், உமக்குச் சொன்னா என்ன.

இந்த பிளட் என்ர பேரில இருக்கு. வாங்கினது அவன். என்ர மனுசன் செத்தாப்பிறகு நான் கொட்டாஞ்சேனையில ஒரு அறையில இருந்தனான், ஒரு யன்னல், அதுவும் பக்கத்து வீட்டுக் குசினியைப் பாத்தபடி. அவை என்ன கறி எண்டு அவைக்கு முன்னம் எனக்குத் தெரியும். கதிர் வந்து பாத்திட்டு ஒண்டும் கதைக்கேல்லை, திரும்பிப் போய் ஒரு வருசத்துக்குள்ள இதை வாங்கி என்ர பேரில எழுதிவிச்சான். இப்ப சொல்லுறான், 'அக்கா, நிலைமை சரியில்லை, வித்திட்டு இஞ்ச வா. நீ ஒண்டுக்கும் ஓடித்திரிய வேண்டாம், இரத்தினசிங்கத்துக்குப் பவரைக் குடு, அவர் எல்லாம் பாப்பார், நீ பிளேன் ஏறு' எண்டு. எனக்கு விளங்கப்படுத்துறான், பவர் எண்டா என்னெண்டு! நான் புதுக்கடைக் கோட்டுக்குப் பக்கத்தில, உறுதி எழுதுற நொத்தாரிசு ஒருத்தரிட்டை இருபத்தேழு வருசம் ரைப் அடிச்சனான் தம்பி. நான் அடிச்ச பவரை எல்லாம் ஒட்டினா இஞ்ச இருந்து முகத்துவாரம் வரைக்கும் போகும். குடுக்கேக்கை எல்லாரும் சிரிச்சுக்கொண்டுதான் குடுப்பினம். பிறகு அழுதுகொண்டு வந்து அதே கதிரையில இருப்பினம். தண்ணி குடுக்கிறதும் நான்தான்.

ஏலாது எண்டு சொல்லலாமெல்லே எண்டு நீர் நினைக்கிறீர். ரெலிபோன் எண்டா சொல்லியிருப்பன், மக்கீன். பிள்ளையாராணை சொல்லியிருப்பன். அவன் ஆரைக் கேட்டு இந்தக் கொம்பியூட்டரை வாங்கினவன்? 'முகம் பாத்துக் கதைக்கவேணும் அக்கா' எண்டு ஐப்பசி மாசம் உங்கட கடையில சொல்லி, நீர் கொண்டந்து பூட்டினனீர். அண்டையில இருந்து பிடிச்சது சனி. அவன் சின்னனில இருந்து ஒரு பழக்கம், கேட்டது கிடைக்காட்டி அழமாட்டான், கீழ் உதட்டை உள்ள இழுத்துக்கொள்ளுவான். அம்மா இல்லாத பிள்ளை எண்டு நானும் எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டு வளத்திட்டன். இப்ப அவனுக்கு ஐம்பத்தாறு வயசு, தலையில ஒரு மயிர் இல்லை, பேரப்பிள்ளையும் வரப்போகுது. அந்த உதடு மட்டும் அப்பிடியே உள்ள போகுது! அதைப் பாத்துக்கொண்டு எனக்கு ஏலாது எண்டு வாய் வராது.

அப்பதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் பவர் எண்டு வாயைத் திறக்க இது தானா நிண்டுது. எனக்கு அழுகை வந்திட்டுது, உடைச்சுப்போட்டன் எண்டு. உமக்கு ரெலிபோன் எடுத்தன். நீர் என்ன சொன்னீர்? 'அன்ரி, பவருக்குப் பின்னுக்கு ஏதும் துணிமணி மூடியிருக்கா பாருங்க, காத்துப் போகாட்டிச் சூடாகித் தானா நிண்டிடும்.' போய்ப் பாத்தன். யன்னல் சீலை பின்னால போய் அந்தக் காத்தாடியை மூடிக்கொண்டு நிண்டுது. மூடினா நிக்கும், எடுத்தா ஓடும். நீர்தான் பழக்கினனீர், மக்கீன். முழிக்காதேயும்.

அடுத்த ஞாயிறு துவாய் ஒண்டை நாலா மடிச்சு வைச்சுப் பாத்தன். ஓம், நான்தான். பன்ரெண்டு நிமிசம்! சுகமோ எண்டு கேக்க ரெண்டு நிமிசம், அங்கத்தைய ஸ்நோ மூண்டு நிமிசம், மச்சாளின்ர நாரிப்பிடிப்பு நாலு நிமிசம், பிறகு தொண்டையைச் செருமி 'அக்கா, அந்தப் பவர்...' எண்டுவான். அவன் வந்த உடன நான் 'பொறு, செருப்பு விழுந்துபோச்சு' எண்டு குனிஞ்சு துவாயைக் காத்தாடியோட ஒட்டத் தள்ளிவிடுவன். அவன் பவர் எண்டு தொடங்கி ரெண்டு நிமிசத்தில இது 'டிக்.' பிறகு நான் ரெலிபோன் எடுத்து, 'கதிர், பவர்ல பிரச்சினையடா, பவரைச் சரிப்பண்ண ஒரு ஆள் பிடிக்கவேணும்' எண்டுவன். அவன், 'ஓம் அக்கா, கெதியா நல்ல ஆளாப் பிடி' எண்டுவான். அவன் எந்தப் பவரை நினைக்கிறான் எண்டு எனக்குத் தெரியும். ஆனா நான் பொய் சொல்லேல்லை, பாரும். பவர்ல பிரச்சினைதானே? இருபத்தேழு வருசம் நொத்தாரிசுக்கு ரைப் அடிச்சனான், பொய் சொல்லாமல் எப்பிடி எழுதுறது எண்டு எனக்குத் தெரியும்.

மார்கழி மழைக்கு இது சூடாக மாட்டன் எண்டிட்டுது. பன்ரெண்டு நிமிசம் இருவது நிமிசம் ஆச்சு. ஒருநாள் அவன் 'இரத்தினசிங்கத்தாரை எந்தக் கிழமை வரச் சொல்லட்டும்' வரைக்கும் வந்திட்டான், எனக்கு வேர்த்து ஒழுகுது, இதுக்கு வேர்க்கேல்லை! அதுக்குப் பிறகு என்ர முழங்காலுக்கு வைக்கிற சுடுதண்ணிப் பையையும் துவாய்க்குப் பின்னால வைச்சன். என்ர முழங்கால் நோக நோக அதுக்கு ஒத்தடம் குடுத்தனான். கதையை விடும்.

போன ஞாயிறு அவன் போனாப்பிறகு கீழ் வீட்டு மெற்றில்டா அங்க இருந்து கூப்பிட்டவ, தண்ணித் தாங்கி ஆர் திறந்து விட்டது எண்டு. அவவோட ஒரு மணித்தியாலம் சண்டை. நல்ல சண்டை. அவ மூண்டு பாசையில ஏசுவா, நான் மூண்டிலயும் திருப்பிக் குடுப்பன். அந்தச் சந்தோசத்தில துவாயை எடுக்க மறந்துபோனன். புதன்கிழமை சிவபுராணம் கேப்பம் எண்டு இதைப் போட்டிட்டுக் குசினிக்குப் போயிட்டன்... புகை! உள்ளுக்கால கறுப்புப் புகை! பிளட் முழுக்கக் கறண்ட் போச்சு. மெற்றில்டா பேரப்பிள்ளையள் ரெண்டையும் தூக்கிக்கொண்டு ரோட்டில நிண்டு கத்துறா. ஒழுங்கை முகப்பில நிக்கிற பொலிஸ் ரெண்டு பேர் துவக்கோட மேல வந்திட்டாங்கள். காஸ் சிலிண்டர்காரன் அஞ்சு நாளா வராதவன், இவங்கள் அஞ்சு நிமிசத்தில! 'மொகத மே கந்த?' எண்டான் ஒருத்தன், என்ன மணம் எண்டு. 'பவர் எக்க ரத் வெலா, மாத்தயா', பவர் சூடாகிப்போச்சு எண்டன். வீட்டில ஆர் ஆர் எண்டு பொலிஸில பதிஞ்ச துண்டை வாங்கிப் பாத்தான், ஒரு ஆள் எண்டு போட்டிருக்கு, ஏன் ரெண்டு கட்டில் எண்டான். அலுமாரியைத் திறந்தான், அரிசி வாளிக்கை கை விட்டுப் பாத்தான். இப்ப பகிடியாச் சொல்லுறன், அப்ப அது பகிடி இல்லை. அந்தப் பிள்ளையளுக்கு ஏதும் நடந்திருந்தா? ஒரு 'ஏலாது' சொல்ல வாய் இல்லாமல் நான் வீட்டைக் கொளுத்தப் பாத்தனான், மக்கீன். அடுத்தநாளே உம்மைக் கூப்பிட்டது அதுக்குத்தான்.

நீர் அந்தக் கருகின துவாயை இழுத்தெடுத்து, 'இது என்ன அன்ரி?' எண்டீர். நான், 'எலி இழுத்துக்கொண்டு வந்து வைச்சிருக்கும்' எண்டன். எலி துவாயை நாலா மடிக்குமோ எண்டு நீர் கேக்கேல்லை. அது உம்மட நல்ல குணம்.

கதிர் சொல்லுறதும் பிழையில்லை, பாரும். பஸ்ஸில குண்டு வெடிக்குது, ரெயினில வெடிக்குது. ரிவியில நான் பாக்க முன்னம் அவன் அங்க பாத்திட்டு, 'அக்கா, வீட்டிலயோ நிக்கிறாய்?' எண்டு ரெலிபோன் எடுப்பான். பின் ஒழுங்கையில ஒரு பெடியனை விசாரிக்கவெண்டு கொண்டு போய் ரெண்டு கிழமை, தாய்க்காரி வாசல்லையே குந்திக்கொண்டு இருக்கிறா. அதெல்லாம் எனக்குத் தெரியாதோ? பயம் இல்லாமலோ இருக்கிறன்?

ஆனா நான் அங்க போய்ப் பாத்தனான், தம்பி. ரெண்டாயிரத்து நாலில அஞ்சு மாசம். நல்ல வீடு, நிலத்துக்குக் கீழ எனக்கெண்டு அறை, கம்பளம் போட்டது. காலமை ஏழு மணிக்கு எல்லாரும் காரில ஏறிப் போயிடுவினம். பின்னேரம் ஆறுக்கு வருவினம். இடையில நானும் ஹீற்றரும். அது 'உஸ்' எண்டும், நான் 'என்ன?' எண்டு கேப்பன். அஞ்சு மாசமா நான் ஒருத்தரோடையும் சண்டை பிடிக்கேல்லை, மக்கீன்! மச்சாள் தங்கமான மனுசி, நான் என்ன சொன்னாலும் 'ஓம் மச்சாள்' எண்டிடுவா. பிறகு அதில கதைக்க என்ன இருக்கு? இஞ்ச காலமை மீன்காரனோட செவுள் சிவப்போ கறுப்போ எண்டு ஒண்டு, பத்து மணிக்கு மெற்றில்டாவோட ஒண்டு, பின்னேரம் கோயில்ல செருப்புப் பாக்கிறவனோட ஒண்டு, எனக்கு நாள் போறது தெரியாது. அங்க நாலாம் மாசம் ஒருநாள் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போச்சினம். ஐயர் 'பேர் நட்சத்திரம் என்ன அம்மா?' எண்டு கேட்டார். வாயைத் திறந்தன், சத்தம் வரேல்லை. செருமினன், பிறகும் வரேல்லை. தொண்டையில வருத்தம் ஒண்டும் இல்லை. குரலைப் பாவிக்காமல் விட்டபடியால். என்ர பேரைக் கதிர்தான் சொன்னவன். அண்டைக்கு நான் பயந்த பயம், பொலிஸ் வந்த அண்டைக்கும் பயப்பிடேல்லை.

அதால கேக்கிறன், இண்டைக்கு ஒரே ஒரு நாளைக்கு... ஒரு சின்னத் துவாய். முகம் துடைக்கிற துவாய். வேண்டாமோ? இது பெரிய காத்தாடி, மூடினாலும் லேசில நிக்காதோ? நிண்டாலும் பத்திக்கொண்டுதான் நிக்குமோ? ம்... தலையை ஆட்டாதேயும், விளங்குது. கீழ பிள்ளையள் இருக்கு. வேண்டாம். நான் கேட்டது பிழை.

அப்ப கறண்டைப் புடுங்கி விட்டா என்ன எண்டோ? அது பொய்யெல்லே! சூடாகி நிக்கிறது தானா நிக்கிறது. புடுங்கிறது நான் புடுங்கிறது. அதுக்கு என்ர மனம்...

ஐயோ, அடிக்குது! ஏழாச்சோ? நீர் எங்க எழும்புறீர்? இரும்! நீர் இப்ப போனா, ஆள் ஒளிச்சிட்டார் எண்டெல்லே அவன் நினைப்பான். பொறும், பச்சையை அமத்திறன்.

கதிர்! ... ஓமடா, தெரியுது. வடிவாத் தெரியுது. ... பொறு, கத்தாதை. மச்சாளையும் கூப்பிடு. வந்திட்டாவோ? சரி, ரெண்டு பேரும் பாருங்கோ. இவர்தான் மக்கீன். கொம்பியூட்டர் திருத்திறவர். தம்பி, அந்த ஸ்குறூட்றைவரைத் தூக்கிக் காட்டும். இன்னும் உயத்தி. கண்டியோ? பெண்சாதி, மூண்டு பிள்ளையள், தெஹிவளையில சொந்த வீடு. என்ர பிளட் அவருக்கு ஏன்? அவர் மாத்தினது இந்தப் பெட்டிக்கை இருக்கிற பவர். சூடாகி நிக்கிறது எண்டு நான் சொல்லுறனான் எல்லே, அது. ... சிரிக்கிறான்! மக்கீன், பாரும், சிரிக்கிறான். சிரியடா, சிரி. மச்சாள் ஏன் அழுறா? ... சிரிச்சு அழுறாவோ. நல்லா அழட்டும்.

... என்ன? ... ஓம். ... அப்ப மற்றப் பவரோ?

தம்பி, எத்தினை நிமிசம் ஆச்சு? நாலோ? பழசெண்டாலும் இன்னும் எட்டு நிமிசம் ஓடும்.

கதிர், இஞ்ச பார். நான் குனியேல்லை, என்ர ரெண்டு கையும் மேசையில இருக்கு. மூண்டு மாசமா நிண்டது பவர் பிழையில்லை. நான் குனிஞ்சது செருப்புக்கும் இல்லை. துவாயை வைச்சு நான்தான் நிப்பாட்டினனான். நீ கேட்ட பவரை நான் ரைப் அடிக்கேல்லை, அடிக்கவும் மாட்டன். வீடு உன்ர உழைப்பு, எனக்குத் தெரியும். என்ர கண் மூடினாப்பிறகு நீ வித்துக்கொள். அதுவரைக்கும் நான் இதுக்குள்ளதான் இருப்பன். நான் வரேல்லையடா. நீ பிழை விடேல்லை, மச்சாளும் பிழை விடேல்லை. அங்க எனக்குக் குரல் போகுது. இஞ்ச பயம் இருக்கு, ஆனா பயத்தைச் சொல்லிக் கத்திறதுக்குக் கீழ ஒருத்தி இருக்கிறாள். கோவமெண்டா ஏசு. ஏசடா, நான் கேட்டுக்கொண்டிருக்கிறன். உதட்டை உள்ள இழாதை. கதிர்... உதட்டை விடு, ராசா.

... என்ன? ... கேக்கேல்லையோ? எனக்கு வடிவாக் கேக்குதே. ... எதில பிரச்சினை? ... அங்கையோ? ஏன்ரா குனியிறாய்? கதிர்! கதிர்!

போயிட்டான்.

இது எங்கட பக்கப் பிழையோ, மக்கீன்? இல்லையோ... அங்காலதான் நிண்டதோ. 'அக்கா, பவர் சூடாகிப்போச்சு, நீ சொன்னது ஒண்டும் கேக்கேல்லை' எண்டிட்டுக் குனிஞ்சான். அங்க இப்ப மைனஸ் பதினெட்டு, தம்பி! அவனுக்குப் பின்னால யன்னல் முழுக்க ஐஸ் படிஞ்சு கிடக்கு!

இல்லை, நான் அழேல்லை. இஞ்சிக் காரம். நீர் போம், உம்மட மனுசி தேடப்போறா. ... திருப்பி எடுத்து இன்னொருக்காச் சொல்லவோ? எதுக்கு? கேட்டிட்டான், மக்கீன். கேக்காதவன் ஏன் குனியிறான்?